கொடி கட்டிய கூரை

துல்லியமான ஆயுதங்கள் வந்துவிட்டதால் இன்றைய போர்களில் பொதுமக்கள் சாவது குறைந்துவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை.

2015 அக்டோபர் 3 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனையை அமெரிக்க விமானம் தாக்கியது. 42 பேர் இறந்தார்கள், அதில் 14 பேர் ஊழியர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எழுந்திருக்க முடியாதவர்கள் படுக்கையிலேயே எரிந்துபோனார்கள். இடத்தின் ஜிபிஎஸ் விவரத்தை அந்த அமைப்பினர் சில நாள் முன்புதான் அமெரிக்கப் படைக்குக் கொடுத்திருந்தார்கள். கூரையில் கொடி இருந்தது. தாக்குதல் நடக்கும்போதே போனிலும் சொன்னார்கள். விமானம் குறி பார்த்துத்தான் சுட்டது, சுட்ட கட்டடம்தான் மருத்துவமனை. மனிதத் தவறு என்றது அமெரிக்க விசாரணை. 16 பேர் மேல் துறை நடவடிக்கை, அதோடு சரி. குற்ற வழக்கு ஒருவர் மீதும் இல்லை.

எனக்கு மார்த்தாண்டம் பக்கம். நர்ஸ் இல்லாத தெரு இங்கே குறைவு. என் அக்காவும் வெளிநாட்டில் ஐசியூவில்தான் இருக்கிறாள். அன்று டிவி முன்னால் அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே, "கொடி கெட்டியிருந்துதுல்லா மக்களே, மேலேருந்து தெரியாதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அப்புறம், இலங்கையின் வன்னியை எப்படி விட்டீர்கள்? 2009இல் அங்கிருந்த எல்லா மருத்துவமனைகள் மீதும் குண்டு விழுந்தது, அவை எங்கே இருந்தன என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கிறது. மக்களை வெளியேற விடாமல் புலிகள் தங்களுக்கும் ராணுவத்துக்கும் நடுவே தடுப்பாக வைத்திருந்ததையும் அதே அறிக்கை சொல்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.