வாக்குச்சீட்டில் இல்லாத கட்சி

ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் நாட்டுக்கு நாடு வேறு பட்டியல் மட்டும் போதாது, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான கட்சிப் பட்டியலும் வேண்டும் என்று ஞாயிறு இரவு சூம் கூட்டத்தில் சொன்னேன். நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள், முழுதும் திரும்ப விவரிக்கவில்லை. "ஐரோப்பா ஒரு நாடே இல்லை, பிறகென்ன ஐரோப்பியக் கட்சி" என்று ஓர் அண்ணர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கியதும் என் மைக் நின்றுவிட்டது. நேரம் போதவில்லையாம். சரி, இங்கே நேரம் இருக்கிறது.

நான் கேட்டது ஒன்றுதான். யாருக்கு வாக்குப் போடுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். இது பேராசையா?

2024 தேர்தலில்தான் ஜேர்மனியில் 16 வயதுப் பிள்ளைகளும் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கு முதன்முறையாக வாக்களித்தார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. தபாலில் வந்த நீளச் சீட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உர்சுலா எங்க?" என்றாள். தொலைக்காட்சி விவாதத்தில் அவள் பார்த்த உர்சுலா வொன் டெர் லையன், பல நாட்டு வலதுசாரிக் கட்சிகளின் கூட்டான ஐரோப்பிய மக்கள் கட்சியின் முதன்மை வேட்பாளர், அதாவது ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் பதவிக்கு அந்தக் கட்சி முன்னிறுத்தியவர். ஆனால் 27 நாடுகளில் எந்தச் சீட்டிலும் அவர் பெயர் இல்லை. அவர் உறுப்பினர் பதவிக்கு நிற்கவே இல்லை. ஜூலையில் பாராளுமன்றத்தில் 401 வாக்குகளோடு மறுபடியும் ஆணைக்குழுத் தலைவர். பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?

2019 இதைவிட அழகு. அப்போது அதே கட்சியின் முதன்மை வேட்பாளர் மன்பிரெட் வேபர். அவருடைய பட்டியல் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் மட்டும்தான். டோர்ட்முண்டில் இருக்கிற நான் ஆசைப்பட்டாலும் அவருக்கு வாக்குப் போட முடியாது. கடைசியில் அரசுத் தலைவர்கள் அறைக்குள் இருந்து பேசி, பிரசாரத்தில் யாருமே முன்வைக்காத உர்சுலாவைக் கொண்டுவந்தார்கள். வேபர் கட்சிக்குப் பெரிய மனவருத்தம். ஆனால் பிரித்தானியா விட்டுப்போகவிருந்த 73 ஆசனங்களில் ஒரு பங்கை ஐரோப்பா முழுவதற்குமான பட்டியலுக்கு ஒதுக்கலாம் என்று 2018இல் பேச்சு வந்தபோது, எதிர்த்துத் தோற்கடித்ததில் முன்னுக்கு நின்றது அதே ஐரோப்பிய மக்கள் கட்சி!

"இலங்கைத் தேசியப் பட்டியல் மாதிரித் தோற்றவர்களை உள்ளே விடுகிற பின்கதவு" என்றார் இன்னொருவர். ஊரில் பட்ட சூடு, விளங்குகிறது. ஆனால் 2022இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய யோசனையில் 28 ஆசனங்களுக்கு நீங்களே போடும் இரண்டாவது வாக்கு இருந்தது. பெயர்களைப் பார்த்துப் போடலாம். உறுப்பு நாட்டு அரசுகளின் சபையில் அது அப்படியே கிடக்கிறது. மால்ட்டா போன்ற சின்ன நாடுகள் நசுங்கிவிடும் என்பார்கள். பட்டியலில் எல்லா அளவு நாட்டவரும் இருக்க வேண்டும் என்ற விதியும் அதிலேயே இருக்கிறது. வாசித்துவிட்டுக் கதைக்கலாமே. 24 மொழிகளில் எப்படிப் பிரசாரம் என்பது ஒரு கேள்வியே இல்லை, விட்டுவிடுவோம்.

இப்போதும் எல்லை கடந்த அரசியல் நடக்கத்தான் செய்கிறது, நமக்குச் சொல்லாமல். பவேரியாவில் வேபருக்குப் போட்டவரின் வாக்கு 2021 மார்ச் வரை, அப்போது ஹங்கேரிப் பிரதமராக இருந்த ஓர்பானின் ஆட்களும் இருந்த பாராளுமன்றக் குழுவுக்குத்தான் (பல நாட்டுக் கட்சிகள் சேர்ந்து உட்காரும் அணி) போனது. 2024 ஜூனில் பிரான்சில் தீவிர வலதுசாரியான லு பென் கட்சிக்குப் போட்டவர்கள், ஜூலையில் பிறந்த, ஓர்பான் கட்சியும் இருக்கிற புதுக் குழுவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். தொடங்கும்போதே 84 பேர், மூன்றாவது பெரிய குழு. ஜூனில் அந்தக் குழுவே இல்லை! நாளைக்கு உக்ரைன், மல்டோவா, அல்பேனியா எல்லாம் உள்ளே வரும்போது இந்தக் கண்கட்டு இன்னும் கூடும். உடன்படிக்கைப்படி மொத்த ஆசனம் 751ஐத் தாண்டக்கூடாது. புதியவர்களுக்கு இடம் யாரிடமிருந்து வரும், எந்தக் குழுவில் உட்காருவார்கள், இதையெல்லாம் யார் நமக்குச் சொல்வார்கள்?

"அகதியாக வந்தவன் ஐரோப்பாவுக்குப் பாடம் எடுக்கிறான்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதும் காதில் விழுந்தது. விளையாட்டுக்காம். நான் இந்த நாட்டுக் குடிமகன், வரி கட்டுகிறேன். எங்கள் கலியாண வீடுகளில் ஒரே மேசையில் ஜேர்மனி, பிரான்ஸ், டென்மார்க், நெதர்லாந்து வாக்காளர்கள் இருப்பார்கள். (லண்டன் மாமா 2016 பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கு வருவதில்லை.) எல்லோரும் கதைப்பது ஒரே விசயம், போடுவது வேறு வேறு சீட்டு. 2024 ஏப்ரலில் அந்தப் பாராளுமன்றம் நிறைவேற்றிய புகலிடச் சட்டத்தைப் பாருங்கள். எந்த நாட்டவரின் மனுக்களில் 20 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ ஏற்கப்படுகிறதோ, அவர்களை எல்லையிலேயே வைத்து விசாரிக்க வேண்டும். அதற்கு எந்தக் குழு கையுயர்த்தியது என்று அன்றைக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கிறார்கள்.