பாறை சொன்ன சாட்சியும் குறுக்கு விசாரணையும்

"உலகின் முதல் உயிர் எரிமலைப் பாறைக்குள் கண்டுபிடிப்பு" என்ற பதிவு நம்ம திருகோணமலைக் குழுக்களில் சுற்றுகிறது. கீழே ஒருவர், "அப்படியெண்டா கன்னியாவிலயும் இருக்கும், அங்கயும் கீழ எரிமலைதானே" என்று எழுதியிருக்கிறார். கன்னியா வெந்நீரூற்றுகளுக்குக் கீழே எரிமலை இல்லை. ஆழத்துக்கு இறங்கிய நீர் சூடேறி வெடிப்புகள் வழியே மேலே வருகிறது, அவ்வளவுதான். கோணேசர் மலைப் பாறையும் புவியோட்டின் ஆழத்தில் கடும் வெப்பத்தையும் அமுக்கத்தையும் தாங்கி உருமாறியது. அதில் நுண்ணங்கியின் சுவடு தப்பியிருக்க வாய்ப்பில்லை.

உண்மையான கதை தென்னாபிரிக்காவின் பார்பர்ட்டனில் நடக்கிறது. சுமார் 347 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கக்கிய குழம்பு, நீர் பட்டுச் சட்டென்று உறைந்து, தலையணை வடிவப் பாறைகளானது. அவற்றின் மேற்தோல், படிகமாக நேரமில்லாமல் உறைந்த எரிமலைக் கண்ணாடி. இன்றைய கடலடிக் கண்ணாடியிலும் நுண்ணங்கிகள் அரித்தவை என்று கருதப்படும் மெல்லிய குழாய்கள் உண்டு. 2004இல் ஆய்வாளர் ஹரால்ட் ஃபூர்னெஸின் குழுவினர் பார்பர்ட்டன் பாறையிலும் அதே மாதிரிக் குழாய்களைக் கண்டு, "இது உயிரின் தடம்" என்று எழுதினார்கள். சில மைக்ரோமீற்றர் அகலம், உள்ளே தைற்றனைற்று என்ற தைத்தேனியக் கனிமம். (நம்ம புல்மோட்டை இல்மனைற்று மணலிலும் இருப்பது இதே தைத்தேனியம்தான்.)

பகிர்கிற பதிவுகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். 2014இல் யூஜீன் குரோஷும் நிக்கோலா மக்லொக்லினும் அதை மறுத்தார்கள்: பிற்காலத்து வெப்பத்தில் தைற்றனைற்றுப் படிகம் வளர்ந்தாலே இந்தக் குழாய்கள் உண்டாகும், உயிர் தேவையில்லை. இந்த மக்லொக்லின் முன்பு ஃபூர்னெஸுடன் சேர்ந்து இத்தகைய தடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். கூட நின்றவரே எதிர்ச் சாட்சி சொல்கிறார், அதுவும் பகையில்லாமல், ஆதாரத்தோடு. விஞ்ஞானத்தில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

அதற்காகப் பழைய உயிரே பொய் என்றில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பராவில் 348 கோடி ஆண்டு வயதான ஸ்ட்ரோமடோலைற்றுகளை, அதாவது நுண்ணங்கிப் படலங்களால் உண்டான படைபடையான பாறைகளை, பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இங்கே தடுமாறுவது எரிமலைக் கண்ணாடியின் சாட்சிதான்.

நம்ம வகுப்புகளில் "முதல் உயிர் 350 கோடி ஆண்டு" என்று ஒரே வரியில் முடித்து, பிள்ளையளை மனப்பாடம் செய்ய விடுகிறோம். ஆசிரியர்களே, ஒரு பாடவேளை போதும். 2004இன் குழாய்ப் படத்தை முதலில் காட்டுங்கள். பிள்ளையள் "உயிர்தான்" என்று வாதாடட்டும். பிறகு 2014இன் மறுப்பைக் கொடுத்து, இனி எந்தச் சோதனை செய்தால் தீரும் என்று அவர்களையே கேளுங்கள்.