கடம்பூர் இரவு ஒன்றே போதும்

காரைக்குடி மாணவர்கள் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை இரண்டு மணி நேர நாடகமாக்க ஒத்திகை பார்க்கிறார்கள் என்ற செய்தியைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் ஐந்து பாகங்களையும் அந்த நேரத்துக்குள் அடைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. சுருக்கினால் வெறும் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும்.

தேவகோட்டையில் பிள்ளைகளை வைத்து நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். கதாநாயகன் வந்தியத்தேவனாக நடித்த பையனுக்கு உடை மாற்றவே நேரம் போதவில்லை. நடிக்க எங்கே நேரம்?

மறு ஆண்டு கடம்பூர் மாளிகை இரவை மட்டும் எடுத்துக்கொண்டோம். மேடை போடவில்லை, பழைய வீடு ஒன்றின் வளவிலேயே, அதாவது முற்றம் சூழ்ந்த உள்கட்டிலேயே நடத்தினோம். சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுவது கீழே, அதை ஒளிந்து கேட்கும் வந்தியத்தேவன் மாடியில். மூடுபல்லக்கின் திரை விலகி, உள்ளேயிருந்து, சதிகாரர்கள் அரியணை ஏற்ற நினைக்கும் மதுராந்தகன் இறங்கியபோது, கதை தெரிந்த ஆச்சிமார்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் வெறுங்கால்கள் நடக்கும் ஓசை கேட்டது. அப்படியோர் அமைதி!

உங்கள் ஊரிலும் வளவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒலிபெருக்கியும் வேண்டியிராது. உடைக்குச் செலவிடும் பணத்தைவிட உச்சரிப்புக்குச் செலவிடும் நேரம் முக்கியம், ‘பழுவேட்டரையர்’ என்ற பெயரில் ழகரமும் றகரம் அல்லாத ரகரமும் தெளிவாக வர எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பிடித்தது. நாடகம் என்றைக்கு என்று தெரிவியுங்கள், கட்டாயம் வருகிறேன்.