பாஸ்வேர்டு அவன்கிட்ட, வண்டி எவன்கிட்டயோ

எங்க அபார்ட்மெண்ட்ல சிசிடிவி கேமரா மாட்டினவன், ஞாயித்துக்கிழமை காலைல நான் கூப்பிட்டதுக்கு இன்னிக்கு வியாழக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு ஆடி அசைஞ்சு வந்து நிக்கிறான். நடுவுல நாலு நாள். "நாளைக்கு காலைல ஃபர்ஸ்ட் உங்க வேலைதான் சார்", "பையன் கிளம்பிட்டான் சார்", "பெருங்களத்தூர்ல ஒரு சைட்ல மாட்டிக்கிட்டேன் சார்", புதன்கிழமை போனையே எடுக்கல.

போன வியாழன் ராத்திரி ஊருக்கு போனோம், ஞாயித்துக்கிழமை வந்து பார்த்தா பார்க்கிங்ல வண்டி இல்ல. வெள்ளிக்கிழமை காலைல பால் வாங்க இறங்கினப்போ வண்டி இருந்துச்சுனு கீழ்வீட்டு அக்கா அடிச்சு சொல்றாங்க. ஸ்டேஷன்ல முதல் கேள்வியே "ஃபுட்டேஜ் இருக்கா?" இருக்கு சார்னு நெஞ்சை நிமித்தி சொன்னேன், எட்டு கேமரா, வீட்டுக்கு இவ்வளவுனு வசூல் பண்ணி மாட்டினது. செகரட்டரிகிட்ட போய் நின்னா என்விஆர், அதான் கேமரா படத்தையெல்லாம் பதிவு பண்ற பெட்டி, அதோட பாஸ்வேர்டே அவர்கிட்ட இல்ல! போன் ஆப்ல நமக்கெல்லாம் லைவ் மட்டும்தான் தெரியும், பழசை எடுக்கணும்னா அட்மின் லாகின் வேணும், அது மாட்டினவன்கிட்ட. நம்ம காசு, நம்ம பெட்டி, நம்ம வாசல், சாவி மட்டும் அவன்கிட்ட. போன்ல சொல்லுப்பான்னா "அதெல்லாம் சொல்ல முடியாது சார், நேர்ல வந்துதான்".

சரி வந்தான். டைப் பண்றதை பக்கத்துல நின்னு பார்த்தேன், கடை பேரு, ஒன்னு ரெண்டு மூணு. அவ்வளவுதான் பாஸ்வேர்டு. எல்லா கஸ்டமருக்கும் அதேதானாம். 2016ல மிராய்னு ஒரு வைரஸ் மாதிரி புரோகிராம், இப்படி பாஸ்வேர்டு மாத்தாம விட்ட கேமராவும் டிவிஆர் பெட்டியுமா பிடிச்சு அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட்டையே படுக்க வெச்சது, இந்த தொழில்ல இருக்கறவனுக்கு அது தெரிய வேணாமா?

பிளேபேக்ல வெள்ளிக்கிழமையை திறந்தா நேரம் காட்டுற கோடு பாதிக்கு மேல காலி. முதல் படமே ராத்திரி 7.35. அந்த படத்துல எங்க வண்டி நிக்கிற தூணு பக்கம் வெறும் தரை, ஆயில் சொட்டின கறை மட்டும். நான் அதையே பார்த்துட்டு நிக்கிறேன், அப்பதான் உறைக்குது, காம்பவுண்ட் சுவர் மேல மஞ்சளா வெயில் அடிக்குது. சென்னைல ராத்திரி ஏழரைக்கு எங்கடா வெயில்? "ஓ, டைம் ஜோன் மாத்தலையா, சைனா டைம்ல இருக்கு சார், ரெண்டரை மணி நேரம் கழிச்சுக்கோங்க". கழிச்சுக்கோங்களாம்! எட்டு மாசமா தப்பு நேரம் ஓடியிருக்கு, இதை போலீஸ்ல குடுத்தா எவன் மதிப்பான்?

அதுக்கு முன்னாடி நடந்தது எங்கன்னு கேட்டா "ஓவர்ரைட் ஆயிடுச்சு சார்". டிஸ்க் நிறைஞ்சா பழசை அழிச்சுட்டு அது மேலயே புதுசை எழுதிக்குமாம். கொட்டேஷன்ல 30 நாள் ரெக்கார்டிங்னு அவன் கையாலயே எழுதியிருக்கான். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ்ல, அதாவது நொடிக்கு 4 மெகாபிட்ல ஓடுதுன்னா ஒரு நாளைக்கு 43 ஜிபி, எட்டுக்கு 345. இவன் போட்டிருக்கறது 2 டிபி டிஸ்க், ஆறு நாள் கூட தாங்காது. 30 நாளுக்கு 10 டிபிக்கு மேல வேணும். வீடியோவை இன்னும் சுருக்கி வெக்கிற எச்.265 முறைக்கு மாத்தியிருந்தாலாவது கிட்டத்தட்ட பாதி இடத்துல முடிஞ்சிருக்கும், அதை இன்னிக்கு என் கண்ணு முன்னாடி ரெண்டு நிமிஷத்துல மாத்திட்டு போறான். ரெண்டே நிமிஷம்! அவன் பெருங்களத்தூர்ல மாட்டிக்கிட்டு இருந்த நேரம் பூரா இங்க டிஸ்க் ஒவ்வொரு மணி நேரமா திருடனை அழிச்சுட்டு இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமையே வந்திருந்தா அந்த மூஞ்சி கிடைச்சிருக்கும். பெட்டியோட பவரை புடுங்கி வெச்சிருந்தா இருந்தது அப்படியே நின்னிருக்கும், அதை போன்ல சொல்ல அவனுக்கு வாய் வரல, எனக்கு தெரியல. உங்க வீட்டுல ஏதாவது நடந்தா முதல்ல அதை பண்ணுங்க. இன்னிக்கே போய் அட்மின் பாஸ்வேர்டை கேட்டு வாங்குங்க, உங்க கையாலயே மாத்துங்க, எத்தனை நாள் பழசு இருக்குன்னு திறந்து பாருங்க.

கிளம்பும்போது சர்வீஸ் சார்ஜ் 800 கேட்டான். குடுக்கல. சத்தம் போட்டதுல மூணாவது மாடி வரைக்கும் எட்டிப் பார்த்தாங்க, பார்க்கட்டும்.

வண்டி இல்லாம பொண்ணை டியூஷனுக்கு ஆட்டோல கூட்டிட்டு போறேன், ரெண்டு கிலோமீட்டருக்கு 120 கேக்கறான். 2013ல கவர்மெண்ட் போட்ட ரேட்டு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபா, மீட்டரும் வண்டியிலயேதான் இருக்கு, அது மேல ஒரு துணியை போட்டு மூடி வெச்சிருக்கான்.