சேற்றில் இறக்கிவிட்டால் ஆம்பளையாகிவிடுவானா?

ஒரு பள்ளி ஆண்டு விழா மேடையில் ஒருவர் பேசிய வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். அதில் அவர் சொல்வது இதுதான்: "பத்தாவது முடிச்ச பையனை ஒரு மாசம் சேத்துல இறக்கிவிடுங்க, ஆம்பளையா திரும்பி வருவான்." அதற்குக் கைதட்டல் வேறு. என் நட்பு வட்டத்திலேயே பல பேர் ஹார்ட் விட்டிருக்கிறீர்கள்.

நான் திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் பக்கம் சேற்றில் வளர்ந்தவன். சேறு யாரையும் ஆம்பளை ஆக்காது. இடுப்பை ஒடிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பையன் பெரியவனாகிவிட்டான் என்பதைக் கூலிதான் சொல்லும். மீசை முளைத்திருந்தாலும் நாற்று முடி, அதாவது நாற்றுக் கட்டு மட்டும் சுமக்கிற வரைக்கும் அரை ஆள் கூலி. நெல் மூட்டையைத் தனியாக முதுகில் ஏற்றிக் களத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் முழு ஆள். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது, பொதுத்தேர்வுக்கு முந்தின மாசியில், தாளடி என்கிற இரண்டாம் போக நெல் அறுப்பில் அதைச் செய்தேன். சாக்கு நார் கழுத்துத் தோலை உரித்துவிட்டது. அதில் நெல் சுணை ஏறி ராத்திரி முழுக்க எரிச்சல். அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள், ஒன்றும் பேசவில்லை. முழுக்கூலியை நான் கையில் வாங்கியபோது அப்பா முகத்தில் பெருமையே இல்லை. பயம்தான் இருந்தது. காசு பார்த்துவிட்டான், இனி பள்ளிக்கூடம் போக மாட்டானோ என்ற பயம்.

அன்று என்னோடு மூட்டை தூக்கியவன் அப்படித்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டான். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டை தூக்கித் தூக்கி, என் வயதுக்காரன், இன்றைக்கு நிமிர்ந்து நடக்க முடியவில்லை. சேறு பார்த்தவன்தான் ஆம்பளை என்றால் அவனுக்குப் பெண் கேட்டுப் போனபோது ஏன் ஒரு வீட்டிலும் உட்காரக்கூடச் சொல்லவில்லை? மூட்டை தூக்குகிறவனுக்கா கொடுப்பது என்று வாசலிலேயே பேசினார்களே!

உழைப்பைக் கேவலப்படுத்துகிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கும் மண்வெட்டி கொடுத்தால் வரப்பு வெட்டுவேன். உழைப்பைக் கேவலப்படுத்தியது யார் என்று இந்த மண்ணைக் கேளுங்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டவர்களின் குடும்பங்கள். பண்ணையார்களின் ஆட்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் பார்க்காத சேறா?

பையன் செல்போனிலேயே கிடக்கிறான் என்கிறீர்களா? சரி, மைதானத்துக்கு அனுப்புங்கள், ஓடட்டும். அதற்கு எதற்கு அடுத்தவன் வயிற்றுப்பாட்டைப் பயிற்சி முகாமாக்குகிறீர்கள்?

அப்புறம் ஒன்று. மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்ததும் குறுவை என்கிற முதல் போக நடவுக்கு வயலில் குனிந்து நிற்பது யார்? பெண்கள். என் அக்கா சின்ன வயதிலேயே நடவுக்குப் போனவள். அதே சேறு, அதே வெயில். அவளைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை. முழு ஆள் கூலி அவளுக்கு எந்த வயதிலும் வந்ததில்லை. நடவு மிஷின் வந்த பிறகு அந்த வேலையும் பாதியாகிவிட்டது. இடுப்பு வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அவள் பையன் இந்த வருடம் பத்தாவது முடித்திருக்கிறான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, போன வாரம் பணமும் கட்டியாயிற்று. அவனை எந்தச் சேற்றிலும் இறக்குவதாக இல்லை. என்னிடம் யாரும் வந்து புத்தி சொல்ல வேண்டாம்.