ஃபிரைடு ரைஸில் போடும் வெள்ளைத் தூள் விஷமா?

"தள்ளுவண்டி ஃபிரைடு ரைஸில் போடும் அஜினோமோட்டோ மெல்லக் கொல்லும் விஷம், அமெரிக்காவிலேயே தடை" என்று காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அது மோனோசோடியம் குளுட்டமேட் என்ற உப்பு. 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து அதன் சுவையைக் கண்டறிந்தார். இப்போது கரும்புப் பாகு, மரவள்ளி போன்றவற்றை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். ஆம்பூர் பிரியாணிக்கு வதக்கும் தக்காளியிலும் இதே குளுட்டமேட் இயற்கையாக இருக்கிறது. அமெரிக்காவில் தடை கிடையாது. இந்தியாவிலும் அனுமதி உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது.

பயத்தின் மூலம் 1968-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கடிதம். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று எழுதிய மருத்துவர், சோயா சாஸ், சமையல் ஒயின், உப்பு, இந்தத் தூள் எனப் பலவற்றையும் சந்தேகித்தார். பழி தூள்மேல் மட்டும் விழுந்தது! பின்னர் நடந்த சோதனைகளில் அது உறுதியாக நிரூபணமாகவில்லை. சாப்பாடு இல்லாமல் 3 கிராமுக்கு மேல் உட்கொண்டால் சிலருக்குத் தற்காலிகத் தலைவலி வரலாம். வழக்கமான ஒரு தட்டில் அரை கிராம்கூட இருக்காது. மாஸ்டரின் கை தாராளமாக இருந்தால் கணக்கு மாறும்தான்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பார்க்கவேண்டியது சோயா சாஸில் உள்ள உப்பை. சிக்கன் பக்கோடா பொரியும் எண்ணெய் கறுத்து நுரைத்தால், தூளைவிட அதுதான் கவலைக்குரியது.