பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர்

தெற்கே போகும் எந்த ராத்திரி ரயிலில் வேண்டுமானாலும் ஏறிப் பாருங்கள். பாண்டியன், நெல்லை, பொதிகை, எதுவானாலும் சரி. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஸ்லீப்பர் பெட்டியில் நாலு போன்களிலிருந்து நாலு சத்தம் வரும். ஒருவர் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பார். இன்னொருவர் வீடியோ காலில் பேத்தியைக் கொஞ்சுவார்; பேத்தி சொல்லும் பதில் பெட்டி முழுக்கக் கேட்கும். விடிந்ததும் பரீட்சைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டிய யாரோ மேல் பெர்த்தில் புரண்டுகொண்டிருப்பது ஒருத்தர் கண்ணிலும் படாது.

விதி இல்லாமல் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, போனில் உரக்கப் பேசக் கூடாது, இரவு விளக்கைத் தவிர மற்றதை அணைத்துவிட வேண்டும் என்று ரயில்வே சொல்லியிருக்கிறது. டி.டி.இ.யிடம் சொல்லலாம், 139-க்கு அடிக்கலாம். ஆனால் பக்கத்து ஆளிடம் 'கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க சார்' என்று கேட்கத் தயங்கி, புகார் நம்பரைத் தேடும் நிலைக்கு வந்துவிட்டோமே, அதுதான் உறுத்துகிறது. கேட்டால் வரும் பதிலும் தெரிந்ததுதான்: 'நானும் காசு குடுத்துத்தான் வந்திருக்கேன்.'

அந்தக் காலத்தில் எல்லோரும் பண்பாக இருந்தார்கள் என்று புலம்ப வரவில்லை. பெட்டிக்குள்ளேயே பீடி பிடித்த காலம் அது. 'தம்பிக்கு எந்த ஊரு, எந்தத் தெரு?' என்ற அன்பான விசாரிப்பு பல நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அன்றைக்கு எதிரே இருப்பவரின் தயவு நமக்கு வேண்டியிருந்தது. டீ வாங்கப் போகும்போது சாமானைப் பார்த்துக்கொள்ள, வரப்போவது எந்த ஸ்டேஷன் என்று கேட்க, பேப்பரில் ஒரு பக்கத்தை வாங்கிப் படிக்க, விடியற்காலையில் திண்டுக்கல்லில் எழுப்பிவிட. அதனால் முகம் கொடுத்துப் பேசினோம், கொஞ்சம் அனுசரித்தும் போனோம். இப்போது இத்தனையையும் போனே செய்துவிடுகிறது, சாமானைப் பார்த்துக்கொள்வதைத் தவிர. எதிர் சீட்காரரால் நமக்கு ஆகவேண்டியது வேறு ஒன்றுமில்லை. அப்புறம் அவர் தூங்கினால் என்ன, தூங்காவிட்டால் என்ன?

எல்லோரும் இளவட்டங்களைத்தான் திட்டுகிறார்கள். நான் பார்த்தவரை அவர்கள் காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறார்கள். முழு வால்யூமில் வாட்ஸ்அப் வீடியோ ஓட்டுவது பெரும்பாலும் என் வயசுக்காரர்கள், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியல' என்று அலுத்துக்கொள்ளும் அதே ஆட்கள். இயர்போன் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ரயிலிலேயே விற்றுக்கொண்டு வருகிறார்கள். பேரம் பேசினால் விலையும் குறைப்பார்கள்.